பாதி டேங்க்

1

“வண்டிய அவருக்கே குடுத்துரலாமா, பாப்பா?” என்று மாமா கேட்டபோது நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். டேங்கின் அடித்திருகைக் கழற்றி, உள்ளே இருப்பதைத் தகர டின்னில் பிடித்துக்கொண்டிருந்தோம். முதலில் கொஞ்சம் தண்ணீரும் துருச் சேறும் வந்தன. அதற்குப் பிறகு வந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல மனம் வரவில்லை. கொதிக்கவைத்து மறந்துபோன தேநீரின் நிறம். பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை.

இடம் ஹுத்தான் மெலிந்தாங். பேராக்கின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் சிறு பட்டணம். ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். மாமா வீட்டுக்குப் பின்னால், செம்பனைக்கும் பாரிட்டுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்குள் நிற்பது 1967-ஆம் ஆண்டின் எம்ஜிபி. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிக்கொள்ளும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். ‘ஏ’ என்று தொடங்கும் பேராக் நம்பர்.

மாமா சொன்ன ‘அவர்’ கோலாலம்பூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு சேகரிப்பாளர். நல்ல விலை சொன்னார். ஒரு நிபந்தனையும் சொன்னார். “ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க அங்கிள். எதையும் மாத்தவும் வேணாம். இப்படியே குடுங்க. ஒரிஜினலா இருந்தாத்தான் மதிப்பு.” குளிரூட்டிய கிடங்கில், துணி போர்த்தி வைப்பாராம். அவர் சொல்லை மீறித்தான் அன்று டேங்கைத் திறந்தோம். கொட்டகைக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே சமையலறை.

மாமாவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பதிலுக்கு எனக்குள் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பது என்றால் என்ன? தொடாமல் இருப்பதா? தொட்டுக்கொண்டே இருப்பதா?

2

என் தாத்தா தோட்டத்தில் தொரையின் டிரைவராக இருந்தவர். அந்தத் தொரைக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தொரை என்றால் தொரைதான். தோட்டத்து வேலைக்கு லேண்ட் ரோவர். அதைத் தாத்தா ஓட்டுவார். எம்ஜிபியைத் தொரை தானே ஓட்டிக்கொண்டு தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் போவார். அதைக் கழுவுவதும் துடைப்பதும் எண்ணெய் பார்ப்பதும் தாத்தா. ஏழு வருடம் துடைத்த காரின் ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்ந்தது, நிழலில் நகர்த்தி நிறுத்துவதற்காக மட்டும்.

1974-இல் தொரை ஊர் திரும்பினார். காரைத் தாத்தாவுக்கே விற்றுவிட்டுப் போனார். பாதி விலை, பாதி பரிசு என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பாதி விலைக்கே தாத்தாவின் சேமிப்பு முழுவதும் போனது. லயத்தில் எல்லாரும் சிரித்தார்களாம். ஏழு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு பேர் உட்காரும் கார். பாட்டி கடைசிவரை அதில் ஏறவில்லை.

தாத்தா அதை எப்படி வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். தொரை இருந்தபோது எப்படி வைத்திருந்தாரோ அப்படியே வைத்திருந்தார். வாரம் ஒருமுறை கழுவுவார். தோல் இருக்கையைத் துடைப்பார். தீபாவளி காலையில் மட்டும் தென்னந்தோப்பு வரைக்கும் ஒரு சுற்று. அவ்வளவுதான். “பத்திரம்டா” என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். பேப்பரில் அவர் பெயர் இருந்தது. மனதில் அவர் இன்னும் காவல்காரராகவே இருந்தார்.

பத்திரம் என்ற அந்த அறத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பொருள் என்று ஒன்றும் சொந்தமில்லாதவர்களுக்கு, அடுத்தவர் பொருளைக் கீறல் விழாமல் காப்பதுதான் அனுமதிக்கப்பட்ட ஒரே உறவு. அதில் நேர்மை இருந்தது, பெருமைகூட இருந்தது. ஆனால் பொருள் தன் கைக்கு வந்த பிறகும் அந்த உறவு மாறாமல் இருந்தால் என்ன ஆகும்? சொந்தக்காரன் இல்லாத காவல் என்று அதைச் சொல்லலாமா? யாருக்காகக் காக்கிறோம் என்பது மறந்துபோன காவல்.

மாமா லாரி மெக்கானிக். தாத்தா இறந்த பிறகு வண்டி அவர் பொறுப்பு. கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு மாதம் ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று குறைந்தது. 2012-இல் சாலை வரி கட்டவில்லை. “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று கொட்டகையை மூடினார். அப்போது டேங்கில் பாதி இருந்திருக்கிறது.

“ஏன் மாமா பாதி?”

“வெறும் டேங்கோட விட்டா மனசு கேக்கல. செத்த வண்டி மாதிரி இருக்கும். நெறச்சு விட்டா காசு வீண். எப்ப வேணாலும் எடுக்கலாம்னு பாதி போட்டு வெச்சேன்.”

எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதற்காக வைத்த அந்தப் பாதிதான் காரைக் கெடுத்தது. எப்படிக் கெடுத்தது என்று தெரிந்துகொண்ட பிறகு, என் கேள்விக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. அதனால் கொஞ்சம் பெட்ரோலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. நான்கிலிருந்து பன்னிரண்டு கார்பன் அணுக்கள் வரை கொண்ட பலவிதமான ஹைட்ரோகார்பன்களின் கலவை. இவற்றில் எடை குறைந்தவை முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுபவை அவைதான். மிஞ்சுவது கனமான, சோம்பேறியான பகுதி. அதுவும் சும்மா இருப்பதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பிசினாக மாறுகிறது. வெப்பம் இருந்தால் வேகம் கூடும். செம்புக் குழாய் பட்டால் இன்னும் கூடும். சில மாதங்களில் தொடங்கும் வேலை இது. மாமா கொட்டகையில் பத்து வருடத்துக்கும் மேல் நடந்திருக்கிறது.

கார்புரேட்டரைக் கழற்றி மாமா காட்டினார். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம். பெட்ரோல் வந்து தங்கும் இடம். உள்ளே ஒரு மிதவை. மட்டம் ஏறினால் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும். இறங்கினால் திறக்கும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி வேலை செய்வதுபோலத்தான். அந்தக் கிண்ணத்தின் அடியில் பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினேன். இழுபட்டது.

“ஒட்டுப்பால் மாதிரி இருக்குல்ல?” என்றார் மாமா.

பால்மரத்தில் வெட்டுக்காயத்தின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலை எங்கள் பாட்டிகள் உரித்து எடுப்பார்களே, அப்படியே இருந்தது. தலைமுடி கனத்தில் ஓட்டை உள்ள இடங்களில் இந்தப் பிசின் போதும். ஊசி வால்வு மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காது. அது தொல்லை. திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து கொட்டும். அது ஆபத்து. எம்ஜிபியில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும் புகைக்குழாய் இருக்கும் அதே பக்கத்தில், அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. சூடான இரும்பின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது தண்ணீர். பழைய கார்களின் டேங்க் மூச்சு விடும். பகலில் சூடாகி உள்ளிருக்கும் ஆவியை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் ஊர்க் காற்றோ எப்போதும் ஈரம் சுமந்தது. அது டேங்கின் உள்சுவரில், பெட்ரோல் படாத இரும்பில் வியர்வையாகப் படியும். வழிந்து கீழே இறங்கும். பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மேலே துரு, கீழே துரு. துருத்தூள் குழாய் வழியாகப் பம்புக்கும் வடிகட்டிக்கும் போகும்.

இப்போது பாதி டேங்க் என்றால் என்ன என்று பாருங்கள். பாதி பெட்ரோல், பாதி காற்று. ஆக்சிஜனுக்கு விசாலமான இடம். ஈரம் படிய விசாலமான இரும்பு. பெட்ரோலும் கெட்டது, டேங்கும் கெட்டது.

4

ஒரு பழைய காரை நிறுத்தி வைக்க இரண்டு ஒழுங்கான வழிகள் இருக்கின்றன.

முதல் வழி நிறைப்பது. புதுப் பெட்ரோலைக் கழுத்துவரை ஊற்ற வேண்டும். வெப்பத்தில் விரிய ஒரு சின்ன இடம் மட்டும் விட்டால் போதும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நிலைப்படுத்தி மருந்தைச் சரியான அளவில் கலக்க வேண்டும். அதைப் புதுப் பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். கெட்டுப்போனதை அது மீட்டுத் தராது. கலந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால்தான் மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணம்வரை போய்ச்சேரும். இது சில மாதங்களுக்குத்தான். பிறகு வந்து எடுத்தாக வேண்டும். நிறைப்பது என்பது திரும்பி வருவேன் என்ற வாக்கு.

இரண்டாவது வழி வடிப்பது. டேங்கைச் சொட்டு விடாமல் இறக்கி, குழாயில் மிஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானே அணையும்வரை விட்டு, கார்புரேட்டர் கிண்ணங்களையும் திறந்து காயவைக்க வேண்டும். டேங்கின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து மூட வேண்டும். ஆவி முழுக்கப் போகும்வரை கவனம் வேண்டும். நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்க் எளிதில் வெடிக்கும். வருடக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் இதுதான் சரி. வடிப்பது என்பது இப்போதைக்கு இல்லை என்று ஒப்புக்கொள்வது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 2025-இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் பாகங்களையும் அது விட்டுவைக்காது. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் அங்கே வடிப்பதே மேல்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டால் போதும் என்பது பலருடைய நம்பிக்கை. அது பாதி டேங்கின் தம்பி. எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்தால், எரிப்பில் உண்டாகும் தண்ணீர் புகைக்குழாயிலும் எஞ்சின் எண்ணெயிலும் தங்கிவிடும். எடுத்தால் அரை மணிநேரமாவது சாலையில் ஓட வேண்டும். இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் மாமா அறியாதவர் இல்லை. நாற்பது வருடம் லாரி எஞ்சின் பார்த்தவர். அவருக்குத் தெரியாதது பெட்ரோலைப் பற்றியது அல்ல. திரும்பி வரப்போகிறோமா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. முடிவு எடுக்காமல் இருக்கும் சௌகரியத்துக்கு அவர் போட்ட பெயர் பத்திரம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. என் வீட்டில் பாதி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. பேசவும் முடியாமல் விடவும் முடியாமல் வைத்திருக்கும் நட்புகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

5

சரி, பூட்டியே வைத்துவிட்டால்? காற்றே புகாமல்?

அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில், 1957 ஜூன் 15 அன்று, புத்தம்புது பிளைமவுத் பெல்வடியர் கார் ஒன்றை நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் அறை கட்டிப் புதைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்துத் தோண்டி எடுப்பது திட்டம். 2007-இல் நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று நெருக்கமாகக் கணித்தவருக்குக் கார் பரிசு. 2007-இல் உலகத்தில் பெட்ரோல் என்பதே இல்லாமல் போகலாம் என்று யோசித்துக் காரோடு பெட்ரோலையும் சேர்த்துப் புதைத்திருந்தார்கள். அணுகுண்டைத் தாங்கும் என்று சொன்ன அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. 2007 ஜூனில் திறந்தபோது துரு மூடிய ஒரு கூடு கிடைத்தது. பரிசுக்குரியவர் 1979-லேயே இறந்துபோயிருந்தார்.

பெட்ரோலைக்கூட மறக்காமல் வைத்த மனிதர்கள். ஐம்பது வருடத்தில் ஒருவர்கூட ஒருமுறை எட்டிப் பார்க்க வழி வைக்கவில்லை. அங்கே எனக்கு உறைப்பது அதுதான். தண்ணீர் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் வருடமே வந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

இதற்கு எதிரில் எனக்குத் தோன்றுவது திருவாரூர்த் தேர். 1926-இல் பழைய தேர் எரிந்து, புதிதாகச் செய்த தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கும் மேலாக அது நிலையிலேயே நின்றது. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1970-இல் மறுபடியும் ஓடியது. அதற்காக மரச்சக்கரத்தை எடுத்துவிட்டுத் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். கோலாலம்பூர் சேகரிப்பாளர் பார்த்திருந்தால் ஒரிஜினல் போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் இழுத்த மக்கள் யாரும் இது நம் தேர் இல்லை என்று சொல்லவில்லை. ஓடுவதற்குத்தான் அதற்குத் தேர் என்று பெயர்.

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே பொருள்தானா என்பது கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்ட பழைய கேள்வி. நம் கோயில்கள் அதற்குச் சத்தமில்லாமல் ஒரு பதில் வைத்திருக்கின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு. பழுது பார்க்கும்வரை சாமியைப் பாலாலயத்தில் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கு அழைத்து வருவார்கள். அடுத்த தலைமுறையின் கை படுவதற்கு இதில் ஒரு தேதி இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த வேலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அதனால் அந்த வேலையும் பிழைத்துக்கொள்கிறது.

6

இங்கே நீங்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. நானே கேட்டுக்கொண்டதுதான். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு வீடே பிரச்சினையாக இருந்த நாட்டில், ஒரு தொரையின் விளையாட்டுக் காரைப் பற்றி இத்தனை பக்கம் யோசிக்க வேண்டுமா?

யோசிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் இதுதான். நாம் இந்த மண்ணுக்கு வந்ததில் பாதி காரால். 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டபோது அதை வைத்து என்ன செய்வது என்று பெரிதாக யாருக்கும் தெரியாது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. இதே வட்டாரத்தில் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனி தொடங்கியது 1906-இல்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடிக்கப் போனது அந்த டயர்களுக்காக. எங்கள் பாட்டி விடியற்காலை இருட்டில் சீவிய பால் எங்கோ ஒரு காரின் சக்கரமானது. அவள் காரில் ஏறியதே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும்போதுதான்.

இன்னொரு விஷயம் மாமா சொல்லித்தான் தெரிந்தது. பால்மரத்து ரப்பர் டயருக்கு ஆகும். பெட்ரோல் குழாய்க்கு ஆகாது. பெட்ரோல் பட்டால் ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் பெட்ரோல் குழாயை 1930-களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதுவும் வயதானால் வெடித்துக் கசியும். எங்கள் கொட்டகையின் வாடைக்குக் காரணம் அப்படி வெடித்த ஒரு முழ நீளக் குழாய். புதுக் குழாயின் விலை சில வெள்ளி. அந்தச் சில வெள்ளிக் குழாயை மாற்றாமல் ‘ஒரிஜினலாக’ வைத்திருந்தால் காரும் போயிருக்கும், வீடும் போயிருக்கும்.

திருக்குறளில் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வத்தைப் பற்றியது. அரிஸ்டாட்டிலும் செல்வம் என்பது வைத்திருப்பதைவிடப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது என்கிறார். இருவரும் பேசுவது இருப்பவர்களிடம். புதிதாக ஒன்று கைக்கு வந்தவனிடம், பயன்படுத்த யாரும் கற்றுத் தராதவனிடம் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? தாத்தா கஞ்சர் இல்லை. ஓட்டினால் தொரை திட்டுவார் என்ற பழைய பயம் அவர் கையில் இருந்தது. அதை நாங்கள் ‘பத்திரம்’ என்ற பெயரில் வாங்கிக்கொண்டோம். காரோடு சேர்த்து.

வடித்த பெட்ரோலை என்ன செய்வது என்பதிலும் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். “பாரிட்டுல ஊத்திரு, மழையில போயிரும்” என்றார் மாமா. காலமெல்லாம் எல்லாரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பாரிட் போய்ச்சேருவது ஆற்றில். ஆற்றில் இறங்கி மீன்பிடிக்கும் குடும்பங்கள் இதே பட்டணத்தில் இருக்கின்றன. நம் பொருளைப் பத்திரமாக வைத்திருக்க அடுத்தவர் தண்ணீரைக் கெடுப்பது என்ன பத்திரம்? மூடியுள்ள டின்னில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லி ஒரு வொர்க்‌ஷாப்பில் சேர்த்தோம். மாமா முனகிக்கொண்டேதான் தூக்கி வந்தார்.

7

டேங்கைச் சுத்தம் செய்து பூச்சு கொடுக்க மூன்று வாரம். எல்லாக் குழாய்களும் புதிது. கார்புரேட்டர்களைக் கழற்றி, ஒட்டுப்பாலை எல்லாம் கரைத்து எடுத்தோம். பின்சக்கரத்தின் அருகே இருக்கும் மின்சாரப் பம்ப் வேலை செய்யவில்லை. மாமா ஸ்பேனரின் பிடியால் அதை இரண்டு தட்டுத் தட்டினார். டிக் டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது. கிண்ணங்கள் நிறைந்ததும் தானே நின்றது. “இது நின்னா நல்லது பாப்பா. நிக்காம அடிச்சிக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். இல்லன்னா டேங்க் காலி.”

எஞ்சின் நான்காவது முயற்சியில் பிடித்தது. இனி இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிகள் இருக்கின்றன. மாமாவிடம் இருப்பது ஒரு முழ ரப்பர்க் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். உஸ்ஸ் என்ற சத்தம். முதலில் ஒன்றில், பிறகு மற்றதில். இரண்டும் ஒரே சுருதியில் வரும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும்.

மாமா குழாயைக் காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். மறுபக்கக் காதுக்கு மாற்றினார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருடம் லாரி எஞ்சின்கள் பக்கத்தில் நின்ற காது. அந்த மெல்லிய உஸ்ஸ் அவருக்குக் கேட்கவில்லை.

ஒன்றும் சொல்லாமல் குழாயை என்னிடம் நீட்டினார். நான் கேட்டேன். “முன்னாடி உள்ளது கொஞ்சம் கனமா கேக்குது மாமா.”

“எவ்ளோ கனம்?”

அதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கால்திருகு திருப்பினார். நான் மறுபடி கேட்டேன். இப்படியே முக்கால் மணிநேரம். கடைசியில் இரண்டும் ஒரே மாதிரி கேட்டன. எனக்குத்தான் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

கொட்டகையைப் பூட்டிவைத்திருந்த வருடங்களில் காரோடு சேர்ந்து பூட்டப்பட்டிருந்தது இதுவும்தான் என்று அப்போது உறைத்தது. டேங்கை மாற்றலாம், குழாயை மாற்றலாம். இன்னும் ஐந்து வருடம் கழித்துத் திறந்திருந்தால் குழாயை யார் காதில் வைப்பது, என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இருந்திருக்காது. குளிரூட்டிய கிடங்கு இரும்பைக் காப்பாற்றும். இதைக் காப்பாற்றாது.

சேகரிப்பாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. விற்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. வடிப்பதைப் போலத்தான், அதுவும் ஒரு நேர்மையான முடிவு. ஆனால் ஓடும் காராகத்தான் கொடுப்போம், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும் என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம்.

சாலை வரியும் காப்புறுதியும் சரிசெய்து, போன ஞாயிற்றுக்கிழமை சபாக் பெர்ணம் பாலம்வரை ஓட்டிக்கொண்டு போனேன். மாமா பக்கத்து இருக்கையில். கூரை இல்லை. மழை வரும்போல இருந்தது. ஆறு கலங்கிச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினோம். மாமா இறங்கிப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

“எவ்ளோ மாமா?”

“முப்பது வெள்ளிக்கு.”

நான் முள்ளைப் பார்த்தேன். பாதியில் நின்றது. அவரைப் பார்த்தேன். அவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடுற வண்டிக்குப் பாதி போதும்” என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டே, “அடுத்த ஞாயித்துக்கெழம வந்துருவல்ல?” என்று கேட்டார்.